கண்டெய்னர் வேண்டாம், பணமாகக் கொடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வீட்டுக்கு வீடு மளிகை திரட்டி, பாதியை இங்குள்ள உணவு வங்கிக்கும் மீதியைப் பஞ்சம் பாதித்த நாட்டுக்கும் தர நினைக்கிறோம். ஒருவர் கண்டெய்னர் ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: உள்ளூருக்கு மளிகையாகவே கொடுங்கள். வெளிநாட்டுக்குப் பணமாக அனுப்புங்கள். கண்டெய்னர்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்த ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் 'கப்பல் செலவு மட்டும்' என்பார்கள். அப்புறம் சுங்கம், டெமரேஜ் (பெட்டி துறைமுகத்தில் நாள் கடந்து கிடந்தால் கட்ட வேண்டிய கட்டணம்), அங்கே லாரி வாடகை என்று ஒவ்வொன்றாக வரும். பெட்டி துறைமுகத்தில் கிடக்கும், மாவில் வண்டு விழும். போய்ச் சேர்ந்தாலும், ஓசியில் வரும் பொருள் அங்குள்ள சிறுகடைக்காரர் பிழைப்பில் மண்ணைப் போடும். அதே பணம் மக்கள் கைக்குப் போனால் அவர்கள் அந்தக் கடையிலேயே வாங்குவார்கள்.

அரசாங்கங்களே இதில் திருந்தவில்லை. அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டு அரசு அனுப்பும் உணவு உதவியில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும். பசித்தவனுக்கு உதவியா, கப்பல் முதலாளிக்கு உதவியா? எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சண்டையில் சந்தையே மூடிக் கிடக்கும் ஊரில் பணத்தை வைத்துக்கொண்டு என்ன வாங்குவது? அங்கே உணவுதான் போக வேண்டும். எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைக்கு நம் வீட்டுச் சாப்பாடும் போதாது. அதற்கென்றே வேர்க்கடலை விழுதில் பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, சத்துக்கள் சேர்த்த பாக்கெட் இருக்கிறது: 92 கிராம், 500 கலோரி. அடுப்பு வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், மூலையைக் கிழித்துக் குழந்தை அப்படியே பிதுக்கிச் சாப்பிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். ஆனால் அதை வாங்கிக் கொண்டுசேர்ப்பது யுனிசெஃப் போன்றவர்களின் வேலை, உங்கள் சங்கத்தின் வேலை அல்ல. அதற்கும் நீங்கள் தர வேண்டியது பணம்தான்.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் முழுக்க நன்கொடையில்தான் ஓடுகிறது. வரவு குறைந்தால் முகாமில் ரேஷன் அளவைக் குறைக்கிறார்கள். தொலைக்காட்சியில் வரும் பஞ்சத்துக்குப் பணம் குவியும், வராத பஞ்சத்தை யாரும் சீந்தமாட்டார்கள். அதனால் 'இந்த நாட்டுக்கு மட்டும்' என்று நிபந்தனை போடாதீர்கள். உலக உணவுத் திட்டத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய்ச் செலுத்துங்கள், வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் கோடு எதையும் தொடாதீர்கள். வீட்டு வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பவர், அசல் நிறுவனத்தின் ஆளாகவே இருந்தாலும், பல சமயம் கமிஷனுக்கு வேலை செய்பவர்.

சரி, உள்ளூர் உணவு வங்கி. திரட்டும் முன் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். பிரித்த சர்க்கரைப் பொட்டலமும் தேதி முடிந்த டப்பாவும் கொடுத்தால் அதைப் பொறுக்கி எறியவே இரண்டு ஆள் வேண்டும்.