கோச்சி பிந்தினால் பிளேன் நிற்குமா?

வாங்குவோர் கேள்வி-பதில்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய், ரயிலால் இறங்கி விமானம் பிடிப்பதற்குள் சிக்கியவர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

கேள்வி: ஜேர்மனியில் மகளிடம் போன அம்மா, திரும்பும்போது டோட்முண்டில் இருந்து பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு ரயிலில் வந்தார். ரயில் 70 நிமிடம் பிந்தியது, விமானம் போய்விட்டது. "எல்லாம் ஒரே ரிக்கெற்தான், பயப்படாதேங்கோ" என்று சொல்லி விற்ற முகவர், இப்போது புது ரிக்கெற் எடுக்கச் சொல்கிறார். ரயில்காரரிடம் காசு கேட்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: கேட்கலாம். கிடைப்பது சில்லறை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 60 நிமிடம் பிந்தினால் ரயில் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் பிந்தினால் 50 சதவீதம். 40 யூரோ ரிக்கெற்றுக்கு 10 யூரோ. மூன்று மாதத்துக்குள் மகள் அங்கிருந்தே விண்ணப்பிக்கட்டும். விமான ரிக்கெற் காசு அதில் வராது. 600 யூரோ வரை நட்டஈடு என்று ஊரில் கதைப்பது விமானம் பிந்தினால். ஆள் பிந்தினால் அல்ல.

அம்மாவில் ஒரு பிழையும் இல்லை. பிழை அந்த "ஒரே ரிக்கெற்" என்ற சொல்லில். இது என் பழைய வயிற்றெரிச்சல், கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். ரயில் ரிக்கெற்றையும் விமான ரிக்கெற்றையும் ஒரு கடித உறைக்குள் போட்டு, மேலே ஸ்டேப்ளர் அடித்துத் தந்தால் அது ஒரே ரிக்கெற் ஆகாது. ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு ஒன்றாக இருந்தாலும் போதாது. ஒரே குறியீட்டுக்குள் இரண்டு ரிக்கெற் இருக்கலாம். பார்க்கவேண்டியது 13 இலக்க ரிக்கெற் எண். அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைச் சொல்லும்: ஸ்ரீலங்கனுக்கு 603, எமிரேட்ஸுக்கு 176, கட்டாருக்கு 157, லுஃப்தான்சாவுக்கு 220. அந்த எண்ணின் கீழ் ரயிலும், விமான எண் மாதிரியே தனக்கும் ஓர் எண்ணோடு, ஒரு பகுதியாக நிற்கவேண்டும். நிறுவனத்தின் இணையத்தளத்தில் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் அடித்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். லுஃப்தான்சாவின் எக்ஸ்பிரஸ் ரெயில் இப்படிப்பட்டது: ரயில் பிந்தி விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பாடு. "ரெயில் அண்ட் ஃப்ளை" என்பது வேறு. எந்த ரயிலிலும் ஏறலாம், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் விற்பவருக்கு வசதி. (உத்தரவாதக் கடதாசியை வாசிக்காமல் தண்ணீர்ப் பம்ப் வாங்கியவன்தான் நானும். மோட்டருக்கு உத்தரவாதம் உண்டு, உள்ளே இருக்கும் சுருளுக்கு இல்லை என்று ஆறாம் மாதம்தான் தெரிந்தது.)

இரண்டு ரிக்கெற்றைத் தனித்தனியாக எடுத்தால் நேரத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஜேர்மனியில் 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் 6 நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தை நேரம் என்றே எண்ணிய கணக்கு. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கவேண்டும் என்றால், அதற்கு ஒன்றிரண்டு ரயில் முன்னதாக எடுங்கள்.

முகவரை விடாதேங்கோ. அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, பற்றுச்சீட்டு, இரண்டு ரிக்கெற்றின் பிரதி எல்லாவற்றோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உடனே எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. "ஒரே ரிக்கெற்" என்று அவர் எழுதிய வரி இருந்தால் அதுதான் உங்கள் பலம்.

கேள்வி: காலையில் கிளிநொச்சியில் யாழ்தேவி ஏறி, இரவு விமானத்துக்குக் கட்டுநாயக்க போகலாமா? (பரந்தன்)

பதில்: வடக்குப் பாதை கட்டுநாயக்கவைத் தொடாது. கோட்டையில் இறங்கி 187ஆம் இலக்க பஸ் எடுக்கவேண்டும். முனையம் வரை போகுமா என்று ஏறும்போதே கேளுங்கள். புத்தளம், நீர்கொழும்பு வழியாக ஓடும் கொழும்பு பஸ் கட்டுநாயக்கவால்தான் போகும். பெட்டியோடு கோட்டை வரை போய்த் திரும்புவது மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலை.

கேள்வி: ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்து பாரிஸ் கார் டு லெஸ்ற் நிலையத்துக்கு 9.40க்கு ரயில். விமானம் சார்ள்ஸ் டி கோலில் 11.30. காணுமா? ரயில் ரிக்கெற் மலிவு, காசு திரும்பாது. (மாங்குளம்)

பதில்: காணாது. பெட்டியை இறக்கி வெளியே வர 9.50. பக்கத்து கார் டு நோர் நிலையம் வரை நடந்து மேடைக்கு இறங்க 10.10. அங்கிருந்து ஆர்.ஈ.ஆர். பி ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல், 10.45 ஆகிவிடும். நீண்ட தூர விமானங்களுக்குப் பெட்டி கொடுக்கும் மேசை பொதுவாக ஒரு மணி நேரம் முன்னரே மூடும், அதாவது 10.30. இதை ரிக்கெற் வாங்க முன்னர் ஒரு கடதாசியில் கூட்டிப் பார்த்திருக்கலாமே! ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்து நேரே விமான நிலையத்துக்கே ரீஜீவி என்ற வேக ரயில் உண்டு. இரண்டாம் முனையத்துக்குள் இறக்கும். அதில் முந்திய ஒன்றை எடுங்கள், மலிவு ரிக்கெற்றை மறந்துவிடுங்கள். விமானம் முதலாம் முனையத்தில் என்றால் அங்கிருந்து இலவச ரயில் இருக்கிறது.

கேள்வி: என் விமான ரிக்கெற்றில் கொலோனில் இருந்து பிராங்பேர்ட் வரை ரயிலும் சேர்ந்திருக்கிறது. அண்ணா காரில் நேரே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார். ரயிலை விடலாமா? (நெடுங்கேணி)

பதில்: விடவே வேண்டாம். அந்த ரயில்தான் உங்கள் ரிக்கெற்றின் முதல் பகுதி. அதில் ஏறாவிட்டால் "வரவில்லை" என்று பதிந்து மிச்சப் பகுதிகளை ரத்துச் செய்யும் நிபந்தனை இருக்கும். கட்டாயம் காரில்தான் போகவேண்டும் என்றால் முன்னரே நிறுவனத்துக்கு அறிவித்து ரிக்கெற்றை மாற்றி எடுங்கள்.

கேள்வி: இராமேஸ்வரம் போய்விட்டுச் சென்னையில் இருந்து பலாலிக்கு விமானம். எழும்பூர் வரை போகவேண்டுமா? (முள்ளியவளை)

பதில்: வேண்டாம். தாம்பரத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். விமான நிலையம் தெருவுக்கு அந்தப் பக்கம். ரயில் ரிக்கெற்றில் "காத்திருப்பு" என்று இருந்தால் இருக்கை இல்லை என்று அர்த்தம். அதை நம்பி விமானம் எடுக்காதேங்கோ. ரயில் ஏறும் இடத்திலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நீங்கள் ஏறாமல் விட்டால், முழுக் காசையும் திரும்பக் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தை ரயில் புறப்பட முன்னர் போடவேண்டும்.

கேள்வி: விசாவுக்கு எடுத்த காப்புறுதி தவறிய விமானத்துக்கும் உதவுமா? (வவுனியா)

பதில்: ஷெங்கன் விசா கேட்பது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி. பொதுப் போக்குவரத்து பிந்தி விமானம் தவறினால் தரும் பகுதி அதில் இருக்கிறதா என்று வாங்க முன்னர் பாருங்கள்.

கேள்வி: ரயில் பிந்துகிறது என்று பாதி வழியில் தெரிந்தால்? (மல்லாவி)

பதில்: விமானம் புறப்பட முன்னரே விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து ரிக்கெற்றை மாற்றச் சொல்லுங்கள். புறப்பட்ட பிறகு எடுத்தால் மாற்றுக் கட்டணத்தோடு "வரவில்லை" கட்டணமும் ஏறும். இறங்கியதும் நிலையத் தகவல் மேசையில் தாமதத்தை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான். ஜேர்மனியில் ஒரே ரயிலுக்கென்று எடுத்த மலிவு ரிக்கெற் என்றாலும், சேருமிடத்துக்கு 20 நிமிடம் பிந்தும் என்று தெரிந்தால் வேறு ரயிலுக்கு மாறலாம். பெட்டியை இழுத்துக்கொண்டு மேடையில் நின்று யோசிக்கத் தேவையில்லை.