பல்கலைக்கழகத்தை மூடிய கோடை

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

பர்மாவில், மௌல்மீனில் இருக்கிறேன். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

1988 மார்ச்சில் ரங்கூனில் மாணவர் போராட்டம் வெடித்து, பல்கலைக்கழகத்தை மூடினார்கள். எங்கள் தெருவில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்த மோன் இனக் குடும்பத்துப் பையனும் அப்படித்தான் ஊர் திரும்பினார். எனக்கு 19 வயது. முந்தைய செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென அறிவித்ததில் அப்பாவின் அரிசிக்கடை ஆடிப்போனது. என் படிப்பும் அதோடு நின்றது. தினமும் புத்தகம் எடுக்கப் போவேன். தனக்குப் பிடித்த பக்கத்தில் நூலிழை வைத்துக் கொடுப்பார். திருப்பிக் கொடுக்கும்போது, எப்படி இருந்தது என்று கேட்பார். திஞ்சான் என்கிற புத்தாண்டு நீர்த் திருவிழா அன்று எல்லாரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, அவர் மட்டும் வெள்ளிக் கிண்ணத்தில் தபியே இலைக்கொத்தை நனைத்து என் தோளில் தெளித்தார். அவ்வளவுதான்.

நாங்கள் கோயில், காவடி என்று இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர்கள் பௌத்தர்கள். அப்பாவிடம் இருந்ததோ வெளிநாட்டவர் பதிவு அட்டை. வீட்டில் வாயைத் திறக்க முடியுமா? வகுப்புகள் மறுபடி தொடங்கியதும் ரங்கூன் போனார். செப்டம்பர் 18-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, தாய்லாந்து எல்லைக்குப் போன மாணவர்களில் அவரும் ஒருவர் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் மலேரியாவில் போய்விட்டார் என்றார்கள், சுட்டுவிட்டார்கள் என்றார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் தங்கமானவர்.

போன மாதம் பேஸ்புக்கில், "புத்தகக் கடைப் பையன். நலமா?" என்று ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறாராம். வீடியோவில் பேசலாமா என்கிறார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அடுப்படியில் நின்று அழுகிறேன். பதில் எழுதினால் கணவருக்குத் துரோகமா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

இதில் துரோகம் எதுவும் இல்லை. பதில் எழுதுங்கள்.

நீங்கள் அழுவது காதலை நினைத்து மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை அமெரிக்கக் குடும்ப சிகிச்சை நிபுணர் பாலின் பாஸ் 1970-களில் ஆராய்ந்தார். ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோது துக்கம் முடிவதில்லை, மனம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது என்று எழுதினார். அவர்களாவது மனைவி, தாய் என்று வெளிப்படையாக அழலாம். உங்களுக்கு அந்த உரிமையும் இல்லை. இத்தனை வருஷம் வாய்விட்டு அழ முடியாததைத்தான், அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அழுகிறீர்கள்.

அந்தக் கோடை இவ்வளவு துல்லியமாக நினைவில் இருப்பதும் இயல்புதான். வயதான பிறகு திரும்பிப் பார்க்கும்போது, 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே அதிகம் மேலே வருகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உங்கள் கதையில் இன்னொன்றையும் பார்க்கிறேன். படிப்பு நின்றுபோன பெண்ணிடம், புத்தகம் எப்படி இருந்தது என்று மதித்துக் கேட்ட ஒரே ஆள் அவர். அந்தக் கோடையில் பாதி அவர் என்றால், மீதிப் பாதி படிக்கத் துடித்த நீங்கள். இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் எனக்கு வருத்தம். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கணவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், மன்னிப்புக் கேட்கும் குரலில் வேண்டாம். "88-ல் எல்லைக்குப் போன எங்கள் தெருப் பையன் உயிரோடு இருக்கிறாராம். அப்போது எனக்கு அவரைப் பிடிக்கும்" என்றால் போதும். உங்கள் கணவரும் அந்த வருஷத்தை அதே நாட்டில் கடந்தவர்தானே. கொஞ்சம் சுணங்கினால் சுணங்கட்டும், நேரம் கொடுங்கள்.

வீடியோ இப்போதைக்கு வேண்டாம். உங்கள் அழுகை அடங்கட்டும், அவர் மனைவிக்கும் விஷயம் தெரியட்டும். எழுதும்போது அரசியலைத் தொடாதீர்கள். 2021-ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு சோதனைச் சாவடிகளில் போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்கிறீர்கள், அதை மனசு சரியில்லை என்று விட்டுவிடாமல் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சோதித்துக்கொள்ளுங்கள்.