பைக்கா தோண்டிய மண்ணில் மாதிரி எடுப்பது எப்படி?

கேள்வி: நான் மண் நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி. சீனாவின் சிங்ஹாய் மலைப் புல்வெளிக்கு மண் மாதிரி எடுக்கப் போகிறேன். பைக்கா என்ற சிறு பிராணி வளை தோண்டுவதால் நுண்ணுயிரிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். வளைக்குப் பக்கத்தில் ஒன்று, தள்ளி ஒன்று என்று எடுத்தால் போதுமா?

பதில்: போதாதம்மா. வளையைச் சுற்றி இருப்பது ஒரே மண் இல்லை. நேற்று வெளியே தள்ளிய ஈர மண், புல் முளைத்துவிட்ட பழைய குவியல், புழுக்கை சேரும் வளையின் வாய், கால் படாத புல்தரை என்று ஒவ்வொன்றிலும் குடியிருக்கும் கூட்டம் வேறு.

பைக்கா பார்க்க எலி மாதிரி இருந்தாலும் முயலுக்குத்தான் உறவு. கையில் அடங்கும் இந்தப் பிராணி குளிர்காலத்திலும் உறங்கிக் கிடப்பதில்லை. அங்கே தரையில் கோப்ரீசியா என்ற கோரைப் புல்லின் வேர்கள் பாய் பின்னியது போல நெருக்கமாக இருக்கும். குளிரில் மட்கு மெதுவாகச் சிதைவதால் தழைச்சத்து அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். பைக்கா அந்தப் பாயைக் கிழித்ததும் காற்று உள்ளே போகிறது, வெறும் மண்ணில் வெயில் படுகிறது. மட்கைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வேகமெடுக்கின்றன. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆனால் வேர் அறுந்த இடத்தில், வேரை நம்பி வாழும் பூஞ்சைகளுக்குப் பிழைப்பில்லை. ஆகவே 'கூடுமா, குறையுமா' என்று கேட்பதைவிட 'யார் கூடுகிறார்கள், யார் குறைகிறார்கள்' என்று கேளுங்கள்.

பலரும் சறுக்குவது எங்கே என்றால், புதுக் குவியலில் இருப்பது அடிமண். அதை மேல்மண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் நுண்ணுயிரிகள் குறைந்தது போலத்தான் தெரியும். அது பைக்கா செய்த மாற்றம் இல்லை. ஆழத்தில் இருந்தவர்கள் மேலே வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் தொடாத தரையிலும் 30–40 செ.மீ. ஆழத்தில் ஒரு மாதிரி கட்டாயம் எடுங்கள்.

அப்புறம், வளையில் பைக்கா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா வாய்களையும் மண்ணால் அடைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் போனால், திறந்து கிடப்பதெல்லாம் குடியிருக்கும் வளை. கைவிட்ட வளையை இதோடு சேர்க்க வேண்டாம். அந்தப் பக்கத்து மேய்ப்பர்களிடம் விஷம் வைத்த இடமா என்றும் கேளுங்கள். மேய்ச்சலைக் கெடுக்கிறது என்று பல பத்தாண்டுகளாக அங்கே பைக்காவைக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் பைக்காதான் திபெத் பீடபூமியின் ஆதார உயிரினம், அதாவது மற்ற பல உயிர்கள் அதை நம்பியிருக்கின்றன என்று 1999-லேயே ஆய்வாளர்கள் ஆன்ட்ரூ ஸ்மித்தும் மார்க் ஃபாகினும் எழுதினார்கள். அதன் வளையில் பறவைகள் கூடு கட்டுகின்றன, மழைநீர் இறங்குகிறது. எனக்கும் அதே கருத்துதான்.

மண்ணைத் துளைத்து எடுக்கும் ஆகர் கருவியை ஒவ்வொரு குழிக்கும் ஆல்கஹாலால் துடையுங்கள். மாதிரிகளை ஒன்றாகக் கலக்காமல் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம், கார அமில நிலை, அம்மோனியம், நைட்ரேட் நான்கையும் அதே மண்ணில் அளக்க வேண்டும். டிஎன்ஏவை மட்டும் நம்பாதீர்கள், செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் அதில் வரும். மண் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தால்தான் உயிரோடு வேலை செய்பவை எவ்வளவு என்று பிடிபடும்.