இரத்தக்கறை ஆய்வும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்தாம் படிவத்தில் பயிலும் உங்கள் மகள் தடயவியல் படிக்க விரும்புவதாகவும், நாள் முழுதும் இரத்தத்தின் நடுவே நிற்கும் வேலைக்குப் பெண் பிள்ளையை அனுப்புவதா என்று வீட்டில் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் இப்படி ஒரு வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அரிது என்பதால் அந்தத் தயக்கம் இயல்பானதே. ஆனால் அவ்வேலையின் பெரும்பகுதி அளவெடுப்பதும் கணக்கிடுவதும்தான்.

செங்குத்தாக விழும் இரத்தத் துளி வட்டமாகப் படியும். சாய்வாக மோதும் துளி நீண்டு, தான் சென்ற திசையில் வால் விடும். வாலை நீக்கி, அகலத்தை நீளத்தால் வகுத்தால் கிடைப்பது மோதிய கோணத்தின் சைன் மதிப்பு. அகலம் 6 மில்லிமீட்டர், நீளம் 12 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 0.5, கோணம் 30 பாகை. மூன்றாம் படிவத்தில் அவர் கற்ற திரிகோணமிதிதான் இது. பல கறைகளின் நீளவாக்கில் கோடிழுத்தால் அவை கூடுமிடம் தெரியும். கோணங்களையும் சேர்த்தால் இரத்தம் எந்த உயரத்திலிருந்து சிதறியது என மதிப்பிடலாம். துளி நேர்க்கோட்டில் பறந்ததாகக் கொள்ளும் இக்கணக்கு புவியீர்ப்பை விட்டுவிடுவதால், உண்மையைவிட அதிக உயரத்தையே காட்டும். ரோஸ் சிரப்பை நீரில் கரைத்து, சாய்த்து வைத்த வழவழப்பான அட்டையில் சொட்டவிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதையே துணியில் செய்தால் விளிம்பு சிதைந்து கணக்கு தடுமாறுவதை அவரே காண்பார்.

அந்தத் தடுமாற்றத்தை மறைக்காதவரே இத்துறைக்குத் தேவை. இரத்தக்கறை நிபுணர்களின் கருத்துகளில் அறிவியலைவிடத் தனிமனித அனுமானமே மிகுதி என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2009ஆம் ஆண்டு அறிக்கை கண்டித்தது. ஒருவருடைய விடுதலையே தீர்மானிக்கப்படும் நீதிமன்றத்தில், “இந்தக் கறையை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும்” என்று நிறுத்திக்கொள்ளும் துணிவைப் பெரிய தகுதியாக நான் கருதுகிறேன்.

மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும், கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும் தடயவியல் பட்டப்படிப்பு உண்டு. ஆயினும் இரத்தக்கறை ஒன்றையே தொழிலாக எண்ண வேண்டாம். மலேசிய இரசாயனத் துறையின் தடயவியல் பணியில் மரபணு, போதைப்பொருள், நச்சு ஆய்வுகளும் அடங்கும். வேதியியல் பட்டம் அதற்கும் உதவும், செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்திற்கும் உதவும். ஆகவே வேதியியலையும் கூடுதல் கணிதத்தையும் இப்போது கைவிட வேண்டாம்.

ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மின் முன்னோட்டத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களுடன் மகளை அழைத்து வாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு முன் மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா என்பதை அவற்றைப் பார்த்தே பேசுவோம்.