சர்ச் சார்ந்த அமெரிக்கக் கல்லூரியில் படிப்பா, ஜெபமா?

‘நான் கிறிஸ்தவன் இல்லை. சர்ச் நடத்தும் சிறிய கல்லூரியில் சேர்ந்தால் மதம் மாறச் சொல்வார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் ஒன்றல்ல.

மினசோட்டாவில் 1874இல் நார்வே குடியேறிகள் தொடங்கிய செயின்ட் ஓலாஃப் கல்லூரி, லூதரன் சபையைச் சார்ந்தது. சிற்றாலய வழிபாட்டுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். வளாகத்தில் மதுவுக்கு மட்டும் இடமில்லை. இல்லினாயின் வீட்டன் கல்லூரி வேறு ரகம்; அங்கே சேரும்போதே கிறிஸ்தவ நெறிகளுக்கு உடன்பட்டுக் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த நெறிமுறையை வரி விடாமல் படியுங்கள்.

படிப்பில்தான் உண்மையான சுமை. இயற்பியல் மாணவரும் இறையியல் பாடம் ஒன்றை எழுதித் தேற வேண்டியிருக்கும். இருபது பேர் வகுப்பில் ஒளிந்துகொள்ள முடியாது. வாசிக்காமல் போனால் பேராசிரியர் பெயர் சொல்லியே கேட்பார். செயின்ட் ஓலாஃபில் ஜனவரி முழுக்க ஒரே ஒரு பாடம்தான், அதற்காக வெளிநாடு போகிறவர்களும் உண்டு. 1912இல் உருவான அதன் பாடகர் குழு நாடறிந்தது. இசை பட்டம் படிக்காதவர்களும் அதில் பாடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

செயின்ட் ஓலாஃப் இருப்பது சிற்றூர் என்பதால் வார இறுதிகள் கொஞ்சம் மந்தமாகத்தான் போகும்.