எழுத வைக்கும் பள்ளியா, விளையாட விடும் பள்ளியா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. அருகிலுள்ள மழலையர் பள்ளியில் சேர்ந்ததுமே எழுதக் கற்றுத் தருகிறார்களாம்; அங்கன்வாடியில் வெறும் விளையாட்டுதான் என்கிறார் என் மாமியார். எங்கே சேர்ப்பது? - வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: இந்த வயதில் விரல்களும் மணிக்கட்டும் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு உறுதிப்பட்டிருக்காது என்பதால், களிமண் பிசைவதும் மணி கோப்பதும்தான் எழுத்துக்கான முதல் பயிற்சி; அதனால் அந்தப் பள்ளியின் பெருமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வகுப்பு நடக்கும் வேளையில் நேரில் சென்று, அழும் குழந்தையை ஆயா தூக்கி அணைக்கிறாரா, அதட்டி உட்கார வைக்கிறாரா என்று கவனியுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓயாது ஓடும் உங்கள் பகுதியில், வாசல் நேரே சாலையில் திறக்கும் பள்ளியை, மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், நான் தவிர்ப்பேன்.

அங்கன்வாடியை மாமியார் சற்றுக் குறைத்து மதிப்பிடுகிறார். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கே, கட்டணமின்றிப் பாட்டும் கதையும் மட்டுமல்ல, மதிய உணவும் உண்டு. மாதந்தோறும் எடையும் பார்ப்பார்கள். பணியாளர் அக்கறையுள்ளவராக இருந்தால் ஓராண்டு அங்கேயே விடுங்கள். பிறகு தனியார் பள்ளிதான் வேண்டுமென்றால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. போன்ற நுழைவு வகுப்பில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கு உங்கள் குடும்பம் தகுதி பெறுகிறதா என்று விசாரித்து, பிறப்புச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.