கை ஆடட்டும்

வணக்கம் சார்,

எனக்கு வயது 43. கோவையில் வங்கி வேலை. மகளை ரைஃபிள் கிளப்பில் சேர்க்கப் போய் நானும் சேர்ந்தேன். அவள் இரண்டே மாதத்தில் பாட்மின்டனுக்குப் போய்விட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல், பதினோரு மாதமாக, கிளப் பிஸ்டலில். 60 ஷாட்டுக்கு, 600-க்கு 540-ஐச் சுற்றியே நிற்கிறது. நாலு பத்து விழுந்த அதே சீரிஸில் (பத்து ஷாட்) ஒரு ஏழும் விழுகிறது. காரணம் தெரியும்: கை ஆடுகிறது. மணிக்கட்டில் எடை கட்டிப் பயிற்சி செய்து பார்த்தேன், தோள்வலிதான் மிச்சம். கிளப்பில் ஒருவர், எலக்ட்ரானிக் ட்ரிகர் பிஸ்டல் வாங்கினால் இருபது பாயின்ட் ஏறும் என்கிறார். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். இன்னொருவர், பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தத் துருக்கிக்காரர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வாங்கினாரே, கருவியெல்லாம் எதற்கு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இன்னொன்று. கொஞ்ச நாளாகக் குறி தெளிவாகத் தெரிகிறது, பிஸ்டல் முனைதான் மங்குகிறது. இது வயதா, என் கற்பனையா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. உங்கள் ஏழுக்கு இரண்டும் மருந்தாகாது, ஏனென்றால் நோயையே நீங்கள் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஏழு கை ஆடியதால் விழுந்ததில்லை.

வங்கிக்காரர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். இலக்கு அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட், அதாவது நாம் சுடும் ஈயக் குண்டு, 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும். அதாவது பெல்லட்டின் நடு, அட்டையின் நடுவிலிருந்து 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் பத்துதான். அதற்கு மேல் ஒவ்வொரு 8 மி.மீ.க்கும் ஒரு பாயின்ட் போகும்.

இப்போது பிஸ்டலைப் பாருங்கள். கண் பக்கம் வெட்டு உள்ள ரியர் சைட்டுக்கும் முனையில் நிற்கும் ஃப்ரண்ட் சைட்டுக்கும் நடுவே சுமார் 32 செ.மீ. 10 மீட்டர் என்பது அதைப் போல 31 மடங்கு. ரியர் சைட்டின் வெட்டுக்குள் ஃப்ரண்ட் சைட் கால் மி.மீ. ஒதுங்கினால் அட்டையில் 8 மி.மீ. போய்விடும். ஒரு மி.மீ. ஒதுங்கினால் ஏழு. அதே ஏழு, இரண்டு சைட்டும் நேராக இருந்தும் கை ஆட்டத்தால் மட்டும் விழ வேண்டுமென்றால், நீங்கள் பிடித்திருக்கும் குறி அட்டையில் இரண்டரை செ.மீ. அலைந்திருக்க வேண்டும். கறுப்பு வட்டம் முழுவதுமே 6 செ.மீ.தான். பதினோரு மாதம் சுட்டவர் கை அவ்வளவு அலையாது. அலைந்திருந்தால் சீரிஸுக்கு நாலு பத்து எங்கிருந்து வந்தது?

பிறகு ஏழு எங்கிருந்து வருகிறது? ட்ரிகரிலிருந்து. கை ஆடுகிறது, குறி வட்டத்தின் அடியில் அங்குமிங்கும் மிதக்கிறது. ஒரு கணம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. "இதோ, இப்போ!" என்று மனம் கத்துகிறது. விரல் மட்டும் அசைய வேண்டிய இடத்தில் உள்ளங்கை முழுவதும் இறுகுகிறது. வலதுகைக்காரர் என்றால் முனை பெரும்பாலும் இடப்பக்கம் கீழே குத்தும். உங்கள் ஏழுகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பழைய அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சில ரேஞ்சுகளில் ஸ்காட் என்ற கருவி வைத்திருக்கிறார்கள், குறி அலையும் பாதையைத் திரையில் கோடாக வரையும். அதில் முதன்முதலில் என் ஷாட்டைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஐந்து நொடி ஒன்பதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கோடு, சுடும் கணத்தில் மட்டும் வெளியே பாய்ந்திருந்தது. ஆட்டத்தை அடக்கத்தான் நான் அத்தனை வருஷம் பாடுபட்டிருந்தேன்.

அதனால் கை ஆடட்டும். உயிருள்ள கை ஆடும், ஒலிம்பிக் சாம்பியன் கையும் ஆடுகிறது. குறியைக் கறுப்பின் விளிம்பில் நிறுத்த முயலாமல், கறுப்புக்கும் ஃப்ரண்ட் சைட்டுக்கும் நடுவே நல்ல வெள்ளைப் பட்டை தெரியும்படி கீழே இறக்கிப் பிடியுங்கள். விளிம்பைத் தொட்டுப் பிடித்தால் ஒவ்வொரு அசைவும் பூதாகாரமாகத் தெரிந்து "இப்போ, இப்போ" என்று விரலைத் துரத்தும். பிஸ்டல் அந்த வெள்ளைக்கு இறங்கும்போதே ட்ரிகரின் முதல் கட்டத்தை, விரல் தடை உணரும் வரையுள்ள லேசான இழுப்பை, எடுத்துவிடுங்கள். பிறகு பார்வை ஃப்ரண்ட் சைட்டின் மேல் விளிம்பில், அதன் இருபக்கமும் ஒளி சமமா என்பதில் மட்டும் இருக்கட்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும், மங்கலாகத்தான் தெரிய வேண்டும். அழுத்தம் ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கட்டும். எப்போது வெடிக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வெடித்த பிறகும் இரண்டு நொடி சைட்டைப் பார்த்தபடியே நில்லுங்கள். எங்கே விழுந்தது என்று உடனே திரையை எட்டிப் பார்ப்பவர், வெடிக்கும் முன்பே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

இதற்கு ரேஞ்ச் தேவையில்லை. வீட்டில் வெள்ளைச் சுவர் போதும். பெல்லட் இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, குறி எதுவும் ஒட்டாத சுவரைப் பார்த்து டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகர் மட்டும் இழுப்பது. கிளப் பிஸ்டலை வீட்டுக்குத் தர மாட்டார்கள் என்றால் ரேஞ்சிலேயே அட்டையை வெள்ளைப் பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டிக்கொள்ளுங்கள். குறி இல்லாததால் "இப்போ" என்று கத்த மனத்துக்குக் காரணமே கிடைக்காது. ட்ரிகர் விடுபடும்போது ஃப்ரண்ட் சைட் வெட்டுக்குள் துள்ளுகிறதா, அப்படியே உட்கார்ந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. மணிக்கட்டு எடையைத் தூக்கிப் பரணில் போடுங்கள். தோளுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பிஸ்டலையே தூக்கி, சைட்டை நேராக வைத்து இருபது நொடி நில்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை போதும்.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு: சுடாமல் கையை இறக்குவது. எட்டு நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் கண் களைத்துவிடும். நீங்கள் காண்பது உண்மையான குறி இல்லை, அதன் நினைவு. அப்போது இறக்கிவிட வேண்டும். நேரம் போகுமே என்று பயப்படாதீர்கள். எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம், ஒரு ஷாட்டுக்கு 75 நொடி. இரண்டு முறை இறக்கி மூன்றாம் முறை சுடவும் நேரம் இருக்கிறது. ஆனாலும் யாரும் இறக்க மாட்டார்கள். தூக்கிய கையைச் சும்மா இறக்குவது நமக்கெல்லாம் தோல்வி மாதிரி. நான் பயிற்சி தரும் பிள்ளைகளிடம் நோட்டில் எழுதச் சொல்வது ஸ்கோரை அல்ல, எத்தனை முறை இறக்கினார்கள் என்பதை.

உங்கள் சீரிஸை இப்படி வைத்துக்கொள்வோம்: நாலு பத்து, மூன்று ஒன்பது, இரண்டு எட்டு, ஒரு ஏழு. மொத்தம் 90. அந்த எட்டுகளும் ஏழும் ஒன்பதானால் 94, ஆறு சீரிஸுக்கு 564. ஒரு பத்துகூட அதிகம் அடிக்காமல் 24 பாயின்ட். உங்கள் நண்பர் இரண்டு லட்சத்துக்கு வாக்குத் தருவது இருபதுதான்!

கருவிக்கு வருவோம். 10 மீட்டரில் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. எலக்ட்ரானிக் என்றாலும் மெக்கானிக்கல் என்றாலும் அதே 500தான். எலக்ட்ரானிக்கில் விடுபடும் இடம் மிகத் துல்லியம், திரும்பத் திரும்பக் காக் செய்யாமல் டிரை ஃபயர் பழகலாம். நல்ல வசதிகள்தாம். ஆனால் உள்ளங்கையை இறுக்குபவருக்கு எந்த ட்ரிகரும் உதவாது. எந்த இயந்திரமும் எப்போதாவது படுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச்சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நிமிடக்கணக்கில் நேரம் போனது. 575 சுட்டு, இரண்டு பாயின்ட்டில் ஃபைனலைத் தவறவிட்டார். மூன்று வருஷம் கழித்து பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

போட்டிக்கு முன் ட்ரிகர் எடையைச் சோதிப்பார்கள், அது பற்றி ஒரு கதை. மாநிலப் போட்டிக்கு முந்தின நாள் ட்ரிகரைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று ஸ்க்ரூவைத் திருப்பினேன். மறுநாள் சோதனை மேஜையில் முனையை மேலே பார்த்து நிறுத்தி, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கினார்கள். எடை மேஜையைவிட்டு எழும் முன்னே "டிக்". மறுபடி தூக்கினாலும் "டிக்". நடுங்கும் கையோடு மூலையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைத் திருப்பித் தேறி வந்தேன். முதல் சீரிஸ் 84. தப்பு முழுக்க என்னுடையது. 500-ஐ உரசிக்கொண்டு வைக்காதீர்கள், பத்து இருபது கிராம் மேலேயே இருக்கட்டும்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் க்ரிப்புக்குச் செலவழியுங்கள். கிளப் பிஸ்டலின் மரப்பிடி பத்துப் பேர் கைக்குப் பொதுவானது, யார் கைக்கும் பொருந்தாதது. ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடி, பிஸ்டலைப் பிடித்துத் தூக்கி, கண்ணைத் திறங்கள். ஃப்ரண்ட் சைட் வெட்டின் நடுவில் இருக்கிறதா? பத்துக்கு எட்டு முறை ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் பிழை பிடியில் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மணிக்கட்டைத் திருகி அதைச் சரிசெய்கிறீர்கள், ட்ரிகர் இழுக்கும் கணத்தில் மணிக்கட்டு தன் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. அந்த மாடலுக்குப் பொருந்தும் க்ரிப் ஒன்றை உங்கள் கை அளவுக்கு வாங்கி, கிளப் அனுமதித்தால் மாட்டிக்கொள்ளலாம். இடைவெளி உள்ள இடத்தில் மரப் புட்டி, இடிக்கும் இடத்தில் உப்புத்தாள். ஒரே நாளில் முடிக்காதீர்கள், இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கையைத் தாங்கும் கீழ்த்தட்டை உள்ளங்கை நசுங்கும்படி ஏற்றாதீர்கள். விரல் மட்டும் மரத்தில் எங்கும் உரசக் கூடாது.

பெல்லட் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தட்டை மூக்கு மேட்ச் பெல்லட் எதுவானாலும் சரி, 4.49 மி.மீ.யா 4.50-ஆ என்ற விவாதம் 570-க்கு மேல் சுடுபவர்களுக்கு. சாப்பிடும் முன் கை கழுவுங்கள், அது ஈயம். ஷூ தட்டையாக, கணுக்காலை மூடாததாக இருந்தால் போதும். பழைய பிஸ்டல் வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் வருஷத்தைப் பாருங்கள். பத்து வருஷம் தாண்டியதை வாங்காதீர்கள்.

ஏழு விழுந்ததும் சைட்டை நகர்த்தும் ஸ்க்ரூவை ஒரு க்ளிக் திருப்பும் பழக்கம் இருந்தால் விடுங்கள். சைட்டைத் திருத்துவது கூட்டமாக விழுந்த ஷாட்களைப் பார்த்து. 2016 ரியோவில், 50 மீட்டர் பிஸ்டல் ஃபைனலில், கொரியாவின் ஜின் ஜோங்-ஓ நடுவில் ஒரு 6.6 சுட்டார் (ஃபைனலில் மதிப்பெண் தசமத்தில்). அந்த நிலையில் 6.6 என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. அவர் அங்கிருந்து மேலேறித் தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் அவருக்கு அது தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம்.

துருக்கிக்காரர், யூசுஃப் டிகெச். கருவி இல்லாமல் சுட்டார் என்பது படத்தைப் பார்த்து வந்த பேச்சு. அவர் கையில் இருந்தது மற்றவர்களிடம் இருந்தது போன்ற போட்டிப் பிஸ்டல்தான். காதில் அடைப்பும் இருந்தது. பாக்கெட்டில் கை விடுவது எல்லோரும் செய்வது, தொங்கும் கை உடம்பை ஆட்டாமல் இருக்க. அவர் தவிர்த்தது ஒரு கண்ணை மறைக்கும் பிளைண்டரையும் லென்ஸ் ஃப்ரேமையும் மட்டுமே. இரண்டு கண்ணையும் திறந்து சுடப் பழகியவர். பாரிஸ் அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக், வயது 51. நீங்கள் இடது கண்ணை இறுக மூடிச் சுடுபவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மூடிய கண் திறந்த கண்ணையும் சேர்த்துக் களைக்க வைக்கும். 3 செ.மீ. அகலத்தில் ஓர் அட்டைத் துண்டை இடது கண்ணாடிமேல் ஒட்டுங்கள், விதியில் அனுமதி உண்டு.

பிஸ்டல் முனை மங்குவது கற்பனை இல்லை, வயதுதான். நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும். உங்கள் கடிதத்தில் நான் உடனே பணம் செலவழிக்கச் சொல்லும் இடமும் இதுதான், ஃப்ரண்ட் சைட் தெரியாதவருக்கு மேலே நான் எழுதியது எதுவும் பயன்படாது. படிக்கும் கண்ணாடி சரிவராது, அது 40 செ.மீ. தூரத்துக்கானது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸான ப்ரோக்ரெஸிவும் வேண்டாம், தெளிவான இடத்தைத் தேடித் தலையைத் தூக்க வைக்கும். சுடும் கண்ணுக்குத் தனி லென்ஸ், உங்கள் தூரப்பார்வை பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டி. இரண்டையும் போட்டுப் பார்த்து, ஃப்ரண்ட் சைட் கூர்மையாகவும் கறுப்பு வட்டம் வட்டமாகவும் தெரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் பிஸ்டலை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை இன்னொருவரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அந்த அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். சீட்டு போதும். பிஸ்டலையே எடுத்துக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும், அன்று அந்த டாக்டர் வேறு யாரையும் பார்க்கவில்லை.